கேக்குற சனமெல்லாம் உக்காருங்க

1

மதுரையில் ஒரு சித்திரை மாசக் காலையில், வைகை மணலில் நின்ற பத்து லட்சம் பேரை, ஒரே ஒரு பொம்பளை, ஒரே மூச்சில் உட்கார வைத்தாள். தடி இல்லை, போலீஸ் இல்லை, மந்திரம் இல்லை. அத்தனை பேரும் பொத்தென்று உட்கார்ந்த வேகத்தில் ஆறு ஒரு சாண் கீழே இறங்கியது. நம்பிக்கை இல்லாதவர்கள் தண்ணீர் வரும் காலத்தில் போய்ப் பாருங்கள். அந்த இடத்தில் மட்டும் வைகை கொஞ்சம் தயங்கித்தான் போகும்.

இந்தக் கதை எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரிடமும் கேட்டதில்லை. நானே அங்கே இருந்தேன். 1973-இல் தல்லாகுளத்தில் ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில், கூட்டத்தில் தவறிப்போகும் பிள்ளைகளுக்காகக் கட்டிய மூங்கில் பரணில் எனக்கு டூட்டி. மைக்கை அவள் கையில் கொடுத்தவன் நான்தான்.

பதினாலு வருஷமாக இதைச் சொல்லிச் சொல்லி, கேட்க ஆள் தீர்ந்துபோனது. ஆகவே ரிட்டையர் ஆனதும் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

ஆள் தீர்ந்துபோனது என்றேன். ஒருத்தன் பாக்கி. ஒத்தக்கடையில் அடுத்த தெருவில் வீடு கட்டிக் குடிவந்திருக்கும் நல்லகாமன். எனக்கு மாப்பிள்ளை முறை. முப்பது வருஷம் பஸ் கண்டக்டர். டிக்கெட் கிழிக்காத எதையும் நம்பமாட்டான். மேலே இருக்கிற முதல் பகுதியை அவனிடம் வாசித்துக் காட்டினேன்.

“பத்து லட்சமா? மதுரையில மொத்தச் சனமே அம்புட்டு இல்லையே மாமா.”

“சுத்துப்பட்டியச் சேத்துக்க மாப்ள. மேலூர்ல இருந்து, உசிலம்பட்டியில இருந்தெல்லாம் வண்டி கட்டி வந்தாங்கல்ல.”

“வந்ததுல பாதி கைப்பிள்ளைக. அதுக்கெல்லாம் டிக்கெட்டே கிடையாது.”

“சரி, அஞ்சு லட்சம்.”

“அஞ்சும் இல்ல, ஒண்ணும் இல்ல. அன்னைக்கு நானும் ஆத்துலதேன் இருந்தேன். மொட்டை போட்டுட்டு நின்னேன். நல்லாக் கேட்டுக்கங்க, நின்னேன். உக்காந்தேன்னா சொல்றேன்? நின்னேன்.”

இப்படி ஒரு சாட்சியை எதிரில் வைத்துக்கொண்டு கதை எழுதுவது எம்புட்டுக் கஷ்டம் என்று எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.*

* எழுதிப் பார்க்காதவர்களுக்கு: டிக்கெட் எடுக்காமல் பஸ்ஸில் ஏறி, செக்கிங் இன்ஸ்பெக்டர் பக்கத்திலேயே இடம் கிடைத்த மாதிரி.

3

ஆரம்பங்கள். மூன்று எழுதினேன். வெட்கப்படாமல் காட்டுகிறேன்.

ஒன்று: ‘அதிகாலைப் பனி போர்த்திய வைகையில்…’ (சித்திரையில் ஏது பனி? அடித்தாயிற்று.)

இரண்டு: ‘தாய்மை என்பது…’ (இதற்கு மேல் பேனா நகரவில்லை. மைக் பிடித்த அந்தப் பொம்பளை, அன்னக்கொடி, இதைப் படித்தால், “என்னய்யா சொல்ல வர்ற, வெரசாச் சொல்லு” என்பாள். அவளுக்கு நேரம் கிடையாது. அன்றைக்கும் இல்லை.)

மூன்று: ‘செல்லூரில் அன்னக்கொடி என்று ஒரு பெண் இருந்தாள். அவளுக்கு ஒரே மகன், காசிமாயன். வயது இருபத்தாறு. பிறவியிலேயே காது கேட்காது.’

மூன்றாவதை வைத்துக்கொள்வோம். நேராக இருக்கிறது.

4

காசிமாயனை நீங்கள் பாவம் என்று நினைக்கக்கூடாது. அதற்காகவே இந்தப் பகுதி.

அவனுக்கு விசைத்தறிப் பட்டறையில் வேலை. தறிகள் ஓட ஆரம்பித்தால் பட்டறைக்குள் யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. அங்கே எல்லோரும் செவிடு. எல்லோரும் கையால்தான் பேசியாக வேண்டும். அந்தப் பாஷையில் காசிமாயன் பிறந்ததிலிருந்து பண்டிதன். மற்றவர்கள் ‘டீ’ என்று கையைக் காட்டி முடிப்பதற்குள் அவன், டீ வாங்கப் போனவன் வழியில் யாருடன் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறான் என்பதுவரை சொல்லிவிடுவான். அவனோடு வேலை பார்த்தவர்கள் வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடமும் கையாலேயே பேசினார்கள் என்றும், அந்த வருஷம் செல்லூரில் குடும்பச் சண்டை பாதியாகக் குறைந்தது என்றும் கேள்வி. (கேள்விதான். நல்லகாமா, இதை விட்டுவிடு.)

அம்மாவை அவன் கூப்பிடுவது மூக்கின் இடது பக்கத்தைத் தொட்டு. அவள் மூக்குத்தி இருக்கும் இடம். அவளும் அவனைக் கூப்பிட அதையேதான் செய்வாள், ‘இங்கே இருக்கேன்’ என்று.

பட்டறையில் ராஜா. ஆனால் வெளியில், கூட்டத்தில், அவன் முதுகுக்குப் பின்னால் உலகம் கிடையாது. ‘ஒதுங்கு’ என்றால் ஒதுங்கமாட்டான். அதனால் திருவிழா என்றால் அவன் மணிக்கட்டு அன்னக்கொடியின் பிடியில்தான் இருக்கும். மீசை முளைத்த பிறகும். அவனும் உதறியதில்லை.

அன்றைக்கு, அழகர்மேல் தோல்பைத் துருத்தியில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் ஒரு கும்பலாக வந்தார்கள். கண்ணில் விழுந்த தண்ணீரைத் துடைக்க ஒரே ஒரு கணம் பிடியை விட்டிருக்கிறாள்.

5

வெயில் ஏறிவிட்டது. அழகர் ஆற்றில் இறங்கி நகர்ந்தாயிற்று. கூட்டம் கலைந்தபாடில்லை. பரணில் நானும் மைக்செட் சோணைமுத்துவும். ஏணியில் விடுவிடுவென்று ஒரு பெண் ஏறி வந்தாள். புடவை முழுக்க ஈரம்.

“ஐயா, எம்மகனக் காணோம்.”

“வயசு என்னம்மா?”

“இருவத்தாறு.”

சோணைமுத்து சிரித்துவிட்டான். “அத்தே, இது சின்னப் புள்ளைக காணாமப் போனா கூப்புட வெச்ச மைக்கு. எளவட்டம் காணாமப் போனா ஜிகர்தண்டாக் கடையில தேடுங்க.”

“அவனுக்குக் காது கேக்காதுப்பா.”

சோணைமுத்துவின் சிரிப்பு நின்றது. ஆனால் அவன் கேட்டது நியாயமான கேள்விதான். நானும் அதையேதான் நினைத்தேன். “கேக்காதவனுக்கு மைக்குல என்னத்தச் சொல்றது அத்தே?”

அப்போது மேற்கே ரயில் கூவியது.

கூட்டம் அவனை அள்ளித் தென்கரையில் தள்ளியிருந்தால், வடகரையில் இருக்கும் செல்லூருக்குத் திரும்புவதற்கு அவனுக்குத் தெரிந்த குறுக்கு வழி ரயில் பாலம்தான். அந்தப் பக்கம் கீழே ஆற்றில் திருவிழாவுக்குத் திறந்துவிட்ட அணைத் தண்ணீர். பட்டறை ஆட்கள் தண்டவாளத்தில் நடந்துதான் அக்கரை போய் வருவார்கள். பின்னால் ரயில் வந்தால் சத்தம் கேட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். சத்தம் கேட்டு.

அன்னக்கொடி பரணின் மூங்கிலைப் பிடித்துக்கொண்டாள். “இந்தச் சத்தம் நமக்கெல்லாம் கேக்குதே ஐயா,” என்றாள். அவள் முகம்…

(இந்த வாக்கியத்தை ஏழு விதமாக எழுதிப் பார்த்தேன். எனக்கு மிகைப்படுத்த மட்டும்தான் வரும். அந்த முகத்துக்கு மிகை போதவில்லை. அப்படியே விடுகிறேன்.)

ரயில் பாலத்தில் ஏறி இறங்கும்வரை அவள் மூச்சு விடவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள். அவள் சொன்னதை நான் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை.

“அவனுக்குத்தான கேக்காது. மத்த எல்லாருக்கும் கேக்கும்ல?”

“கேக்கும்.”

“அப்பக் குடு மைக்க.”

கொடுத்தேன். அதுவரைக்கும் அவள் மைக்கைத் தொட்டிருப்பாளா என்பதே சந்தேகம். தலைகீழாகப் பிடித்தாள். சோணைமுத்து திருப்பி வைத்தான்.

“ஏய்யா, ஏத்தா, கேக்குற சனமெல்லாம் செத்த உக்காருங்க. எம்மகன் கூட்டத்துல தவறிட்டான். அவனுக்குக் காது கேக்காது. கேக்குறவுக உக்காந்தா அவன் மட்டும் நிப்பான். நான் பாத்துக்கிறேன். அம்புட்டுத்தேன். உக்காருங்க சாமி.”

எனக்கு மேலே இருந்த அதிகாரிகள் ‘உட்காருங்கள்’ என்று சொன்னபோதெல்லாம் நான் அரைமனதாகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இவள் சொன்னதும் முதலில் பரணடியில் வெள்ளரிப்பிஞ்சு விற்றவள் உட்கார்ந்தாள். அப்புறம் அழகருக்குக் காட்டிய சர்க்கரைச் செம்பை ஏந்தி நின்றவர்கள். அப்புறம் அவர்களுக்குப் பின்னால். காற்று அடித்த நெல்வயல் மாதிரி, மணல் முழுக்க ஐந்து லட்சம் பேர் (நல்லகாமன் பார்வைக்கு: ஐம்பதாயிரம்) சரிந்துகொண்டே போனார்கள்.

அவள் குரலில் நடுக்கம் இல்லை. கால் நடுங்கியது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்தப் பரணே அதிர்ந்தது. நான் அதன்மேல் உட்கார்ந்திருந்தேன்.

6

ஆம். நானும் உட்கார்ந்துவிட்டேன். கேட்கிற காது எனக்கும் இருந்ததே!

இங்கேதான் கதையில் ஓட்டை. பரணைச் சுற்றிலும் இடுப்பளவுக்குத் துணி கட்டியிருந்தது. உட்கார்ந்த எனக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. பார்த்ததெல்லாம் அவளை மட்டும். கண்ணை இடுக்கிக்கொண்டு வலமிருந்து இடமாகத் துழாவினாள். திடீரென்று நின்றாள். மெதுவாகக் கையை உயர்த்தி மூக்குத்தியைத் தொட்டாள். தொட்டபடியே நின்றாள். பிறகு மைக்கை என் மடியில் போட்டுவிட்டு ஏணியை மறந்து அப்படியே குதித்தாள்.

சனத்தை எழுந்திருக்கச் சொல்ல அவளுக்கு ஞாபகமில்லை. சோணைமுத்துதான், “ஆளு கெடச்சாச்சு, எந்திரிங்கய்யா!” என்று கத்தினான். வெகுநேரம் கழித்து அவர்கள் இருவரும் பரணைக் கடந்து போனதைப் பார்த்தேன். மணிக்கட்டு அவள் பிடியில். மற்றக் கையால் அவன் ஏதோ நீண்ட நியாயம் பேசிக்கொண்டு போனான்.

அவள் என்ன பார்த்தாள்? எனக்குத் தெரியாது. இதை வாசித்ததும் நல்லகாமன் துள்ளினான்.

“மாட்டுனீங்களா! செவிடனுக்குக் கண்ணு இருக்குல்ல மாமா? சுத்தி இருக்கிறவன் எல்லாம் உக்காந்தா அவனும் உக்காந்திருப்பான்ல? அப்புறம் எங்க இருந்து ஒருத்தன் மட்டும் நிக்கிறது?”

நல்ல அடி. ரெண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. (இறங்கியது.) மூன்று முடிவுகள் எழுதினேன்.

அ. அவன் ரயில் பாலத்தின் மேலேயே இருந்தான். கீழே மணலில் சனம் உட்காருவதைப் பார்த்து, என்ன அதிசயம் என்று கைப்பிடி ஓரமாக ஒதுங்கி நின்றான். அவன் விட்டுப்போன தண்டவாளத்தில் ரயில்… (இல்லை. ரயில் அதற்கு முன்பே போய்விட்டது. நானே எழுதியிருக்கிறேன்.)

ஆ. தவறிப்போன ஒரு குழந்தையைத் தோளில் தூக்கி வைத்திருந்தான். அதனால் உட்கார முடியவில்லை. (கேட்க இனிக்கிறது. கொஞ்சம் அதிகமாகவே இனிக்கிறது.)

இ. திடுதிப்பென்று சுற்றியிருந்தவர்கள் எல்லாம் சரிவதைப் பார்த்து, வெயிலில் மயங்கி விழுகிறார்கள் என்று பயந்துவிட்டான் காசிமாயன். பக்கத்தில் விழுந்தவரின் இடது கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினான். அடுத்தவரைத் தூக்கினான். அதற்கடுத்தவரை. உட்கார்ந்த கடலுக்கு நடுவே, அவனைச் சுற்றி மட்டும் திருதிருவென்று நிற்கிற ஒரு சின்னக் கூட்டம் முளைத்தது. அன்னக்கொடி பார்த்தது அதைத்தான். மகனை அவள் உயரத்தால் கண்டுபிடிக்கவில்லை. குணத்தால் கண்டுபிடித்தாள்.

மூன்றையும் உங்கள் முன்னால் வைத்துவிட்டேன். பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். ‘இ’ முழுக்க முழுக்க என் கைச்சரக்கு. கண்டக்டருக்குப் பயந்து கட்டியது. சண்டை வேண்டாம் என்று எண்ணிக்கையையும் குறைத்துவிட்டேன். பரணடியில் ஒரு நூறு பேர் உட்கார்ந்தார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நூறு பேரை உட்கார வைத்தாலும் அவள் அன்னக்கொடிதான்.

7

இப்படி முடித்து, கையெழுத்தும் போட்டு, நல்லகாமனிடம் கொடுத்தேன். விரலில் எச்சில் தொட்டுத் தொட்டுத் தாள்களைப் புரட்டினான். கடைசித் தாளில் விரல் நின்றுவிட்டது.

“இத யாரு மாமா சொன்னா?”

“எத?”

“ஒவ்வொருத்தனாத் தூக்கி நிறுத்துனான்னு.”

“யாரும் சொல்லல மாப்ள. என் புளுகுதான். பிடிக்கலைன்னா குடு, அடிச்சிடுறேன்.”

தாளைத் தரவில்லை. சட்டையின் மேலாக முழங்கைக்கு மேலே தடவிக்கொண்டான்.

“அடிக்காதீங்க.”

தாளை மடியில் விரித்து வைத்துக்கொண்டான்.

“நான் உங்க பரண விட்டு ரொம்பத் தள்ளி, கல்பாலத்துக்கும் அங்கிட்டு இருந்தேன். மைக்குல என்ன சொன்னாகன்னு எனக்குக் காதுல விழவே இல்ல. முன்னாடி இருந்தவன் உக்காந்தான். சாமி திரும்புதுன்னு நினைச்சு நானும் உக்காந்தேன். வேட்டி மணல்ல படக்கூட இல்ல, ஒரு பய வந்து கையப் பிடிச்சு ஒரே தூக்கு. கிறுக்குப் பயலேன்னு கண்டமானிக்கு வையிறேன். மூஞ்சியப் பாத்துச் சிரிக்கிறான் மாமா. நெத்தியில கைய வெச்சுச் சூடு பாத்தான். அப்புறம் அடுத்த ஆளத் தூக்கப் போயிட்டான்.”

“கல்பாலம் வரைக்குமா சனம் உக்காந்துச்சு?”

“அதுக்கும் அங்கிட்டு.” தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். “நின்னேன்னு சொன்னது பொய்யில்ல மாமா. என்னைய நிக்க வெச்சுட்டான்ல.”

பிறகு என் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவி, ‘இ’ என்று போட்டிருந்த பத்தியில் ஒரு சொல்லை அடித்தான்.

“இடது கை இல்ல. வலது கை.”