ஒரு சிட்டிகை வாதப்பொடி

வில்லியனூர்க் கடைத்தெருவில் சேதுராமனின் நாட்டு மருந்துக் கடை திறந்ததும் அவர் செய்யும் முதல் காரியம் ஊரறிந்தது. கண்ணாடிச் சீசாவிலிருந்து வாதப்பொடியை ஒரு சிட்டிகை எடுப்பார். எதிரில் நிற்கும் வாடிக்கையாளர் பார்க்க அதை நாக்கில் போட்டுக்கொண்டு வெந்நீர் குடிப்பார். "நான் திங்காதத நான் விக்கிறதில்ல" என்பார். சுக்கு, சித்தரத்தை, குங்கிலியம், அமுக்கரா, அவர் யாரிடமும் சொல்லாத வேறு சில சரக்குகள் சேர்ந்த பொடி அது. பாகூரிலிருந்தும் அபிஷேகப்பாக்கத்திலிருந்தும் மூட்டு வீங்கியவர்கள் பஸ் ஏறி வந்து வாங்கிப் போனார்கள். கடைக்கு அவர் பெயர்ப்பலகைகூட வைத்ததில்லை. அந்தச் சிட்டிகையே போதுமானதாக இருந்தது.

1981ஆம் ஆண்டு ஐப்பசியில் அவருடைய மகள் விசாலாட்சி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். ஆண் குழந்தை பிறந்தது. கொடி விழுந்த பிறகு தொப்புளைச் சுற்றிச் சிவந்து தடித்தது. சேதுராமன் மஞ்சளோடு தன் கடைச் சரக்கு சிலவற்றை இழைத்துப் பற்றுப் போட்டார். மறுநாள் சிவப்பு மங்கியிருந்தது. அவருக்கு அதில் ஆச்சரியம் இல்லை.

அவர் மனைவி அம்மணிக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை.

"புள்ள பால் குடிக்க மாட்டேங்குதுங்க. பாண்டிக்கு எடுத்துட்டுப் போயி ஆஸ்பத்திரில காட்டிடலாம்."

"காய்ச்சல் அடிக்குதா?"

"இல்ல. ஒடம்பு சில்லுனு இருக்குது."

"சீழ் கட்டியிருக்குதா?"

"இல்ல."

"செவப்பும் வத்திப்போச்சி. அப்புறம் இன்னாத்துக்கு ஆஸ்பத்திரி? மருந்துக் கடைக்காரன் தன் பேரப்புள்ளய ஊசி போடத் தூக்கினு போறான்னு கடைத்தெரு பூரா சிரிக்கட்டுமா?"

விசாலாட்சி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு குழந்தையின் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு தேய்த்தும் அது சூடேறவில்லை.

மறுநாள் காலை மருமகன் இளங்கோவன் பாகூரிலிருந்து வந்தான். அங்கே அவனுக்கு ஜவுளிக்கடை. குழந்தையைப் பார்த்தவன் மாமனாரிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. நேராகத் தெருமுனைக்குப் போய் வாடகைக் கார் பிடித்து வந்தான். மழையில் எல்லோரும் புறப்பட்டார்கள். சேதுராமன் முன் இருக்கையில், பற்றுக் கிண்ணத்தை ஏனோ கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

பாண்டிச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரியில், குழந்தைகள் வார்டில் இருந்த இளம் டாக்டர் அவரை அடையாளம் கண்டுகொண்டார். பெயர் கில்பர்ட். வில்லியனூருக்குப் பக்கத்துக் கிராமத்து விவசாயி சூசைநாதனின் மகன். சூசைநாதன் பல வருஷமாகச் சேதுராமன் கடையில் வாதப்பொடி வாங்குகிறவர்.

கில்பர்ட் குழந்தையின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். ரத்தம் எடுத்து அனுப்பினார். ஊசி மருந்தை ஏற்ற ஏற்பாடு செய்துவிட்டு வெளியே வந்தார்.

"தொப்புள்ல புடிச்ச கிருமி ரத்தத்துல கலந்துடுச்சிங்க."

"காய்ச்சலே இல்லியே தம்பி" என்றார் சேதுராமன். "சீழும் இல்ல."

"காய்ச்சல் வர்றதுக்கும் ஒடம்புல தெம்பு வேணும் செட்டியார். சீழ்னா இன்னா? கிருமியோட சண்ட போட்டுச் செத்த வெள்ளை அணுதான் பாதி. பொறந்த புள்ளைக்கு அந்த அணு கொஞ்சம். இருக்கிறதும் கூப்பிட்ட எடத்துக்குச் சட்டுனு போவாது. நமக்கெல்லாம் எலும்புக்குள்ள சரக்கு இருப்பு இருக்குது. அதுங்களுக்கு இருப்பு கம்மி. ஒரு தடவ எறக்கிட்டா கடை காலி. உங்க பேரனுக்கு இப்ப காலியாத்தான் இருக்குது."

சேதுராமனுக்கு அந்தக் கணக்கு புரிந்தது. கையிலிருந்த கிண்ணத்தைப் பெஞ்சுக்கு அடியில் வைத்தார்.

"செவப்பு அடங்கிச்சே" என்றார் மெதுவாக.

"அடங்கிச்சி. உள்ள அடங்கல."

பெரிய டாக்டர் வந்து பார்த்துவிட்டு, குழந்தையின் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் புது ரத்தம் மாற்றச் சொன்னார். பாட்டிலில் பல நாள் இருந்த ரத்தத்தில் அந்த வெள்ளை அணுக்கள் செத்திருக்கும். அப்போதே எடுத்த ரத்தம்தான் வேண்டும். இளங்கோவனுக்குப் போன வருஷம் மஞ்சள் காமாலை வந்திருந்தது, ஆகாது என்றார்கள். அம்மணிக்கு ரத்தசோகை. விசாலாட்சி பிள்ளை பெற்ற உடம்பு. சேதுராமனின் ரத்தம் பொருந்தியது.

ரத்தம் எடுக்கும் அறையில் கில்பர்ட் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். கடைசியாக, "ஆஸ்பிரின் மாதிரி எதாச்சும் சாப்பிடறீங்களா?" என்றார். அப்போதுதான் நினைவு வந்தவர்போல எழுதுவதை நிறுத்தினார்.

"நீங்க பொடி சாப்பிடுவீங்களே."

"ஆமா."

"தெனம்?"

"தெனந்தான். ஊருக்கே தெரியுமே."

கில்பர்ட் பேனாவை மூடினார். "எங்க அப்பாவுக்கு முட்டி வீக்கம் அதுலதாங்க வத்திச்சி. அதான் யோசிக்கிறேன். வீக்கத்த அடக்குற மருந்து சிலது வெள்ளை அணுவையும் மந்தமாக்கும். உங்க பொடி எப்படின்னு யாரும் பரிசோதிச்சதில்ல. புள்ளைக்கு வேண்டியது நல்லா ஓடுற அணு. உங்க ரத்தத்துல அது தூங்கினு இருந்தா மாத்தியும் பிரயோஜனம் இல்ல. வேற ஆள் தேடலாமா?"

"எவ்ளோ நேரம் ஆவும்?"

"சொல்ல முடியாது. மழை வேற."

"அது வரைக்கும் புள்ள தாங்குமா?"

கில்பர்ட் வார்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "நீங்களே சொல்லுங்க. அந்தப் பொடி நெஜமா வேல செய்யுதா?"

முப்பது வருஷமாகத் தினமும் யாராவது கேட்ட கேள்விதான். ஒருதரமும் அவர் யோசித்துப் பதில் சொன்னதில்லை. இப்போது கதவுக்கு வெளியே விசாலாட்சி இருமுவது கேட்டது.

"செய்யாது" என்றார் சேதுராமன்.

"இன்னாங்க?"

"பாதி தவிடு தம்பி. வாசனைக்குச் சுக்கு. ஜனங்க நம்புறாங்க, வாங்குறாங்க."

"எங்க அப்பாவுக்கு?"

"நம்பிக்க. ஓய்வா இருந்திருப்பாரு, வத்தியிருக்கும். நீ எடுத்துக்கோ."

கில்பர்ட் பேனாவைச் சட்டைப் பையில் செருகினார். அவருடைய அப்பா நெல் விற்ற காசில் வாங்கிய பொட்டலங்கள் நினைவில் வந்திருக்கலாம். பெரிய டாக்டரிடம் போய்ப் பேசிவிட்டுத் திரும்பி வந்தார். சேதுராமனின் கையில் பட்டையை இறுக்கிக் கட்டினார். அதற்குப் பிறகு அவரைச் செட்டியார் என்று அழைக்கவில்லை.

ரத்தம் மாற்றி முடிய மாலையாயிற்று. குழந்தை ஒருமுறை அழுதது. அதைக் கேட்டு விசாலாட்சி தானும் அழுதாள். பொழுது விடிந்தபோது அதன் வயிறு உப்பி, தோல் சாம்பல் நிறமாகிவிட்டது. பத்து மணிக்கு முன்பே முடிந்துவிட்டது.

"என் ரத்தம் எடுபடலியா?" என்று சேதுராமன் கேட்டார்.

"வெள்ளை அணு எண்ணிக்கை ஏறல" என்றார் கில்பர்ட். "அதுக்காக ரத்தத்தால போச்சுன்னு சொல்ல முடியாதுங்க. வரும்போதே முத்திப்போயிருந்துச்சி. யார் ரத்தம் குடுத்திருந்தாலும் இப்படி ஆயிருக்கலாம்."

பெயர் வைக்காத குழந்தையைச் சுடுகாட்டின் ஓரத்தில் புதைத்தார்கள். இளங்கோவன் குழியில் மண் தள்ளிவிட்டு, மாமனாரோடு பேசாமல் பஸ் ஏறினான். விசாலாட்சி பால் கட்டி, ஜுரத்தோடு படுத்துக் கிடந்தாள். அம்மணி ஒரே ஒரு தடவை, அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டே, "அன்னிக்கே போயிருக்கலாம்" என்றாள். அவரைப் பார்த்துச் சொல்லவில்லை.

சேதுராமன் கடையைத் திறந்தார். சீசாவைத் திறக்கவில்லை. துக்கத்தில் விட்டிருக்கிறார் என்று கடைத்தெருவில் நினைத்துக்கொண்டார்கள். தான் சொன்ன பொய் நிஜமாகி, பொடி வேலை செய்யாத வெறும் தவிடாகவே இருந்துவிடட்டும் என்று அவர் மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது. தவிடு என்றால் அவர் கொடுத்த ரத்தம் நல்ல ரத்தம்.

கார்த்திகை பிறப்பதற்குள், பொடி தின்ற வருஷமெல்லாம் ஒருதரமும் தொந்தரவு தராத அவருடைய வலது முழங்கால் கனக்கத் தொடங்கியது. குளிர்காலம் என்று சொல்லிக்கொண்டார். பிறகு அது வீங்கியது. கடையில் மேசைக்கு அடியில் ஒரு சுக்கு மூட்டையைப் போட்டு அதன்மேல் காலை நீட்டி வைத்துக்கொண்டார்.

ஒரு காலை சூசைநாதன் தடி ஊன்றி வந்தார்.

"இன்னா செட்டியாரே, எங்க கில்பர்ட்டுகிட்ட பொடி தவிடுன்னு சொன்னீங்களாமே."

சேதுராமன் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"படிச்ச புள்ள, நம்பிட்டான். 'நிறுத்துப்பா, அந்தாளு ஏமாத்துறாரு'ன்னான். சரின்னு நிறுத்தினேன். பாருங்க." வேட்டியை ஒதுக்கிக் காட்டினார். முட்டி இளநீர்க் காய்போல் இருந்தது. "தவிடு தின்னா மாடு கொழுக்கும். மனுஷனுக்கு வீக்கம் வத்துமா? பேரன் போற துக்கத்துல ஏதோ ஒளறியிருக்காருடா, அவரு பொடி கேக்குற பொடின்னு அவன்கிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். நூறு கிராம் போடுங்க."

சேதுராமன் சீசாவைத் திறந்து பொடியை எடை போட்டார். பொட்டலம் மடித்துக் கொடுத்தார்.

"நீங்க ஒரு சிட்டிக போட்டுக்கலியா?"

"நீ போட்டுக்கோ."

சூசைநாதன் பொட்டலத்திலிருந்து எடுத்து நாக்கில் போட்டார். கசப்பில் ஒரு கண்ணைச் சுருக்கினார். "ஒரு வாரம் போதும். நடந்தே வருவேன் பாருங்க" என்றார்.

வெந்நீர்ச் செம்பு பின்னால் அடுப்பில் இருந்தது. அதை எடுக்கச் சேதுராமன் மூட்டையிலிருந்து காலை இறக்கினார். முழங்கால் மடங்கவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தவர், அப்படியே நின்றார்.