அரை அங்குலம்

அந்த ஊரில் லாபம் பார்க்கும் கம்பெனிகள் வளரும். பங்குனிக் கடைசியில் நகராட்சி அளவுக்காரர் நாடாவோடு வந்து, ஒவ்வொன்றையும் நிமிர்ந்து நிற்கச் சொல்லி, அளந்து எழுதிக்கொண்டு போவார். மேற்குத் தெரு பிஸ்கட் கம்பெனி போன வருஷமே மேகத்தைத் தொட்டுவிட்டது. அங்கே வேலைக்குப் போகிறவர்கள் விடியலிலேயே ஏணியில் ஏறத் தொடங்கினால்தான் மதியச் சாப்பாட்டுக்காவது போய்ச் சேர முடியும்.

பேராசிரியை குமுதினிக்கு இந்த உயரமெல்லாம் பிடிக்காது. வளராமலே நன்றாக இருக்கும் தொழில்களைப் பற்றித்தான் அவள் ஆராய்ச்சி. அப்படி அவளுக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று: பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து நடத்தும் சலவை சோப்புக் கூட்டுறவு. இடுப்பளவு உயரம். மிஞ்சுவதையெல்லாம் அன்றன்றைக்கே ஊருக்குக் கொடுத்துவிடுவதால் பதினோரு வருஷமாக அது ஒரு நூல்கூட உயரவில்லை. குமுதினியும் பதினோரு வருஷமாகக் குனிந்தே உள்ளே போய்வந்தாள். முதுகு வலிக்கும், மனசு நிறைந்திருக்கும்.

இந்தப் பங்குனியில் அது அரை அங்குலம் உயர்ந்திருந்தது.

அடுத்த வாரம் குமுதினி இந்தக் கூட்டுறவைப் பற்றிய தன் புத்தகத்தை அச்சுக்கு ஒப்படைக்க வேண்டும். பதினோரு வருஷமும் அதில்தான் இருந்தது. மறுபடி அளக்கச் சொன்னாள். அளவுக்காரர் முகம் சுளிக்காமல் அளந்தார். அதே அரை அங்குலம். உள்ளே மூலைமுடுக்கெல்லாம் துழாவிப் பார்த்தாள், எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. கூட்டுறவின் தலைவி வஞ்சியம்மாள்தான் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பரணைக் காட்டினாள். அங்கே நன்றிகள் இருந்தன. ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் சொல்லிவிட்டுப் போனவை. மடித்து அடுக்கியிருந்தார்கள். இந்த வருஷம் அவை கூரையை முட்டிவிட்டன.

"நாங்களா கேட்டு வாங்கலீங்க மேடம். சொல்றவங்க வாயை மூட முடியுங்களா?"

"இதுவும் மிச்சம்தான் வஞ்சிக்கா. கொடுத்துடணும்."

"யாருக்குங்க? இல்லாதவங்களுக்குத்தானே குடுக்கோணும்."

தேடிப் பார்த்ததில் ஊரில் பிஸ்கட் கம்பெனி ஒன்றுக்குத்தான் இதுவரை யாரும் நன்றி சொல்லியிருக்கவில்லை. மேகத்தில் அரை அங்குலம் கூடினால் யாருக்கும் இடைஞ்சலும் இல்லை. இரண்டு தள்ளுவண்டிகளில் ஏற்றிக்கொண்டு போய் ஏணியடியில் இறக்கினார்கள். கம்பெனி கூச்சத்தோடு குனிந்து வாங்கிக்கொண்டது. சாயங்காலம் அளந்தபோது கூட்டுறவு பழையபடி இடுப்பளவுக்கு வந்திருந்தது. குமுதினிக்குப் போன உயிர் திரும்பியது. பன்னிரண்டு பேரோடும் குனிந்து உட்கார்ந்து டீ குடித்தாள்.

வீட்டுக்கு வந்து கடைசி அத்தியாயத்தை எழுத உட்கார்ந்தாள். புத்தகம் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தோடு நின்றுவிட்டது. ஒரு வரி சேர்த்தால் முன்னால் எங்கோ ஒரு வரி அழிந்தது. அழிந்ததைத் தேடிப் படித்தாள். அது இல்லாமலே நன்றாகத்தான் இருந்தது. இன்னொரு வரி எழுதினாள், முன்னுரையில் ஒன்று போயிற்று. மூன்றாவது வரிக்கு அட்டையிலிருந்த அவள் பெயர் போயிற்று. ஒருமுறை முழுதாகப் புரட்டிப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. பேனாவை மூடிவைத்துவிட்டு ரசம் தாளிக்கப் போனாள்.