பளிங்கு முதலாளியின் இடது கை

டிரைவிங் ஸ்கூலில் அவரை எல்லோரும் பிரேக் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டி பழக வருகிறவர் எதிலாவது போய் முட்டுவதற்குள், பக்கத்து இருக்கைக்குக் கீழே இருக்கும் இன்னொரு பிரேக்கை மிதிப்பதுதான் அவர் வேலை. மனுஷன் அதிகம் பேச மாட்டார். யாரையும் திட்டவும் மாட்டார். சொல்ல வேண்டியதை எல்லாம் இடது கை சொல்லிவிடும். உள்ளங்கை கீழே பார்த்து ஆடினால் மெதுவாகப் போ என்று அர்த்தம். விரல்களை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டினால், இது உனக்குச் சரிப்பட்டு வராது என்று அர்த்தம்.

அந்தக் கை அதிகமாக ஆடியது பளிங்கு முதலாளிக்குத்தான். அவர் தரைக்குப் போடும் பளிங்குக் கல் விற்கிற பெரிய கடைக்காரர். வைத்த டிரைவர்களோடு எல்லாம் சண்டை போட்டு முடித்து, தலை நரைத்த பிறகு தானே ஓட்டக் கிளம்பியவர். முன்னால் போவதெல்லாம் ஒருமாதிரி போய்விடுவார். ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் கியரைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்.

ஒருநாள் காலை வகுப்புக்கு வந்தவர் ஸ்டியரிங்கைப் பிடித்ததுமே, "மாஸ்டர், இன்னிக்குக் கடைத்தெருப் பக்கம் போவோம். என் வாட்ச் வந்திருக்கு" என்றார்.

அது சாதாரண வாட்ச் இல்லை. விளையாட்டு வீரர்களுக்கென்று செய்து, விளையாடாதவர்கள் மட்டுமே கட்டிக்கொள்கிற ஜாதி. பணம் கட்டினாலும் உடனே கிடைக்காது. பெயரைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். முதலாளி காத்திருந்த காலத்தில் அவருடைய மகள் படிப்பை முடித்து, வேலைக்குப் போய், கல்யாணப் பேச்சுவரை வந்துவிட்டாள்.

கடைக்குள் எல்லோரும் ஆஸ்பத்திரியில் பேசுவதுபோல் பேசினார்கள். மேனேஜர் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு பெட்டியைத் திறந்தார்.

"முகம் எல்லா வாட்சுக்கும்தான் சார் இருக்கு. இதோட உயிரே பட்டையிலதான்" என்றார்.

உண்மையிலேயே அந்த எஃகுப் பட்டை அழகாகத்தான் இருந்தது. கண்ணி கண்ணியாகக் கோத்து, மேலே அகன்று, போகப் போக மெலிந்து கொக்கியில் போய் முடிந்தது. நடுக் கண்ணிகள் கண்ணாடி மாதிரி மின்னின. ஓரத்துக் கண்ணிகள் மங்கலாக, அடக்கமாக இருந்தன. மேலே பட்டை முழுவதும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது.

"தாளை உரிச்சிடலாமா சார்?"

"அதை உரிக்கிற வேலையே வேணாம். கீறல் விழுந்தா யார் பதில் சொல்றது?" என்றார் முதலாளி. பிறகு வாட்சைத் தன் கையில் கட்டாமல் மாஸ்டர் பக்கம் திரும்பினார். "மாஸ்டர், நீங்க கொஞ்சம் கட்டிக்கிட்டுத் தள்ளி நில்லுங்க. அடுத்தவன் பார்த்தா எப்படித் தெரியும்னு நான் பார்க்கணும்."

"கண்ணாடி இருக்கே சார்" என்றார் மேனேஜர்.

"கண்ணாடியில இடது வலதாத் தெரியுமய்யா."

மாஸ்டர் இடது கையை நீட்டினார். மேனேஜர் கொக்கியை மடித்து அமுக்கினார். டக் என்று சத்தம் வந்தது. ஒரு கண்ணிகூடக் கழற்ற வேண்டியிருக்கவில்லை. அந்த மணிக்கட்டுக்கென்றே வார்த்ததுபோல் உட்கார்ந்தது. மாஸ்டர் தூணருகே போய் நின்றார். முதலாளி தலையைச் சாய்த்துச் சாய்த்து ரசித்தார். கண் கலங்கியதுபோல்கூட இருந்தது.

"போதும், கழட்டுங்க."

கழலவில்லை. மேனேஜர் கொக்கியின் இரண்டு பக்கமும் அமுக்கினார். மூச்சைப் பிடித்து அமுக்கினார். கையுறையைக் கழற்றிவிட்டு அமுக்கினார். கொக்கி அசையவில்லை.

"கண்ணிக்குக் கண்ணி திருகு இருக்குமே, அதைக் கழட்டிடலாமே?" என்றார் மாஸ்டர்.

"இது புது மாடல் சார். வெளியில திருகு தெரிஞ்சா அசிங்கம்னு எல்லாத்தையும் உள்பக்கம் வச்சிருக்காங்க. தோலைப் பார்த்த மாதிரி."

முதலாளிக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "அப்போ கையைக் கழட்டினாத்தான் திருகைக் கழட்ட முடியும்?"

"அப்படித்தான் வருது சார்" என்றார் மேனேஜர், அதையும் ஒரு வழியாக யோசிக்கிறவர்போல. மாஸ்டர் கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

எண்ணெய் தடவலாமா என்றால் வாரண்டி போய்விடும். பட்டையை அறுக்கலாமா என்று மாஸ்டர் கேட்டதும், சாவு வீட்டில் சிரித்தவனைப் பார்ப்பதுபோல் இருவரும் அவரைப் பார்த்தார்கள். கம்பெனி இன்ஜினியர் கருவிகளோடு விமானத்தில் வர வேண்டும்; நாலைந்து நாள் ஆகும் என்று மேனேஜர் போன் பேசிவிட்டு வந்து சொன்னார்.

"அதுவரைக்கும் என் வாட்ச்?"

"இவர்கிட்ட இருக்கட்டும் சார்."

"இவர்கிட்டயா?"

"சரி, இவர் வாட்ச்கிட்ட இருக்கட்டும்" என்று மேனேஜர் திருத்திக்கொண்டார். பாதுகாப்புக்கு வாசலில் நின்ற காவலாளியையும் கூட அனுப்பிவைத்தார்.

மாஸ்டரின் மனைவி கதவைத் திறந்தபோது கணவர் ஒரு கையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். பின்னால் சீருடையில் ஓர் ஆள்.

"என்னங்க, யார் மேலயாவது வண்டியை ஏத்திட்டீங்களா?"

விஷயத்தைக் கேட்ட பிறகு அவள் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தண்ணி படலாமா?"

"கடல்ல முந்நூறு மீட்டர் ஆழம்வரைக்கும் போகலாமாம்."

"அப்போ நம்ம சிங்க்குல தாராளமாப் போகலாம். பாத்திரம் கிடக்கு, வாங்க."

காவலாளி பதறிப்போய்க் குறுக்கே பாய்ந்தார். "அம்மா, பாத்திரம் உரசினாக் கீறல் விழும்! என் வேலை போயிடும்!"

"அப்ப யாரு கழுவுறது?"

காவலாளிதான் கழுவினார். அன்று மட்டுமில்லை. காய் நறுக்குவது, துணி உலர்த்துவது, பரணிலிருந்து பெட்டியை இறக்குவது என்று மாஸ்டரின் கைக்கு ஆபத்தான எல்லா வேலையையும் அவரே செய்ய வேண்டியதாயிற்று. நல்ல மனிதர், துலக்குவதில் சுத்தம் வேறு. நடுநடுவே ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "சார், கையை ஆட்டுங்க. கை ஆடலைன்னா வாட்ச் நின்னுடும்" என்பார். மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து யாருக்கோ டாட்டா காட்டுவதுபோல் ஆட்டுவார். இன்ஜினியர் மெதுவாகவே வரட்டும் என்று மனைவி கடவுளை வேண்டிக்கொண்டாள். மாஸ்டருக்குத்தான் என்னவோபோல் இருந்தது. வீட்டுக்கு வந்த அக்கம்பக்கத்தார் கையிடம் நலம் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

இரண்டாம் நாள் பளிங்கு முதலாளி ஆள் அனுப்பினார். மகளைத் தன் பையனுக்குப் பெண் கேட்டு ஒருவர் அன்று மாலை வருகிறார். அவர் கண் டாக்டர்; வாட்ச் பைத்தியம். முதலாளியும் தன் வாட்சைப் பற்றிப் போனில் ஏகத்துக்கு அளந்துவிட்டிருந்தார்.

"ரிப்பேர்னு சொல்லிட்டாப் போச்சு. இதுக்குப் போயி?" என்றார் முதலாளியின் மனைவி.

"வாங்கின அன்னிக்கே ரிப்பேர்னு சொல்றதா? நம்ம கல்லை எவன் நம்பி வாங்குவான்?"

அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டே, கணவருடைய கோட்டின் முதுகுத் தையலைப் பிரித்துக்கொடுத்தார். கூடத்தில் சோபாவைத் திரைச்சீலையோடு ஒட்டிப் போட்டார்கள். முதலாளி கோட்டை மாட்டி, தன் இடது கையை அதற்குள்ளேயே வயிற்றோடு வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தார். திரைக்குப் பின்னால் ஸ்டூலில் மாஸ்டர் உட்கார்ந்து, தையல் பிரித்த வழியாகக் கையை விட்டு, இடது சட்டைக்கையின் வழியே வெளியே நீட்டினார்.

கண் டாக்டர் வந்தார். ஒல்லியான ஆள், சின்னச் சிரிப்பு. மரியாதைப் பேச்செல்லாம் முடிந்ததும், "எங்கே, அந்தப் பொக்கிஷத்தைக் காட்டுங்க" என்றார்.

முதலாளி தொண்டையைச் செருமினார். கை நீண்டது. கொஞ்சம் அதிகமாகவே நீண்டு டாக்டரின் மூக்குக் கண்ணாடியில் இடித்து நின்றது.

"அடடா, என்ன வேலைப்பாடு! ஒரு கண்ணிக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல முடி நுழையாது. ஆமா, ஏன் இன்னும் பிளாஸ்டிக் தாளை எடுக்கலை?"

"உங்களுக்கு முன்னாடி உரிக்கணும்னுதான்" என்று முதலாளி வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

டாக்டர் கையை விடாமல் பட்டையைத் தடவிக்கொண்டே பேச்சை வளர்த்தார். "டிரைவரே வச்சுக்கறதில்லையாமே? நீங்களே ஓட்டறீங்களாமே?"

"ஆமா, இப்ப நல்லாவே ஓட்டறேன்."

கை டாக்டரின் பிடியிலிருந்து விடுபட்டு, விரல்களை விரித்து, இப்படியும் அப்படியும் ஆடியது.

மாஸ்டர் வேண்டுமென்று செய்யவில்லை. அத்தனை வருஷப் பழக்கம்; காதில் விழுந்ததற்குக் கை பதில் சொல்லிவிட்டது.

டாக்டர் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "நெரிசல்லகூட ஓட்டுவீங்களா?"

"அதெல்லாம் தண்ணி பட்ட பாடு" என்றார் முதலாளி, வியர்த்தபடி.

உள்ளங்கை கீழே பார்த்து, மெதுவா, மெதுவா என்றது.

"ரிவர்ஸ்?"

முதலாளி வாயைத் திறக்கவே இல்லை. அதற்குள் கை காற்றில் பெரிதாக ஆடி, டீ கோப்பையைத் தட்டிவிட்டது. டீ கோட்டில் கொட்டியதும் "ஐயோ, சூடு!" என்று முதலாளி துள்ளி எழுந்தார். அவர் எழுந்த வேகத்தில் பின்னாலிருந்த மாஸ்டரும் இழுபட்டு, திரைச்சீலையோடு சோபாவின் மேல் வந்து விழுந்தார். திரைக்குள்ளிருந்து, "சார், வாட்சுக்கு ஒண்ணும் ஆகலை" என்று குரல் மட்டும் வந்தது.

முதலாளியின் மனைவி சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

டாக்டர் எழுந்து வந்து திரையை விலக்கி, மாஸ்டருக்குக் கைகொடுத்துத் தூக்கினார். "கண் டாக்டர்கிட்டயே கண்கட்டு வித்தையா?" என்றார்.

முதலாளி தலையைக் குனிந்துகொண்டு நடந்ததை எல்லாம் சொன்னார். கோட்டுக்குள்ளிருந்து அவருடைய சொந்த இடது கையும் வெளியே வந்து மன்னிப்புக் கேட்பதுபோல் தொங்கியது. டாக்டர் முழுசாகக் கேட்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார்.

"எத்தனையோ பேர் என்னை ஏமாத்தியிருக்காங்க சார். எல்லாரும் போற போக்குல ஏமாத்தினவங்க. கோட்டைக் கிழிச்சு, ஆள் பிடிச்சு, இவ்வளவு பாடுபட்டு யாரும் ஏமாத்தினதில்லை. எங்க வீட்டு ஆளுங்க மேல உங்களுக்கு மரியாதை இருக்கு. சம்பந்தம் முடிஞ்சுதுன்னே வச்சுக்குங்க."

பிறகு மாஸ்டரிடம் திரும்பி, "என் பையனும் ரிவர்ஸ்ல மோசம். அவனையும் உங்ககிட்ட அனுப்பறேன்" என்றார்.

அந்த வாரக் கடைசியில் கடைக்கு இன்ஜினியர் வந்துசேர்ந்தாள். சின்னப் பெண், பயணக் களைப்பில் கொட்டாவி விட்டுக்கொண்டே ஒரு ஊசிபோன்ற கருவியைக் கொக்கியின் இடுக்கில் விட்டு நெம்பினாள். கிளிக் என்று திறந்துகொண்டது. இடுக்கிலிருந்து நகக்கண் அளவு பிளாஸ்டிக் சுருணை ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தாள். உரிக்கக் கூடாது என்று முதலாளி சொன்ன அதே தாளின் ஓரம்தான் மடிந்து உள்ளே போய் அடைத்திருந்தது. முதலாளி அதைப் பார்க்காததுபோல் கூரையைப் பார்த்தார்.

வாட்சை ஆசையோடு கையில் வாங்கப்போனவரை மேனேஜர் தயங்கித் தயங்கி நிறுத்தினார். "சார், ஒரு விஷயம் சொல்லணும். இத்தனை நாள் இன்னொருத்தர் கட்டிட்டு நடமாடியிருக்கார். கம்பெனி கணக்குப்படி இது இனிமே புதுசு இல்லை."

"வேற என்னவாம்?"

"செகண்ட் ஹேண்ட் சார்."

"யோவ், இது என் வாட்ச்யா!"

"உங்க வாட்ச்தான் சார். ஆனா முதல் கை அவரோடது. நீங்க கட்டினா ரெண்டாவது கை."

முதலாளி வாட்சையும் மாஸ்டரின் கையையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்படுவார் என்று மாஸ்டர் நினைத்தார். அவரோ சோர்ந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்து, "என் வாட்ச்சை நானே செகண்ட் ஹேண்டா கட்டறதா?" என்று குழந்தைபோல் கேட்டார். கடைசியில் அவர் புதிதாக ஒன்றுக்குப் பெயரைக் கொடுத்துவிட்டு, மறுபடி காத்திருக்கிறவர்களின் வரிசைக்குக் கடைசியில் போய் நின்றுகொண்டார். பழையதாகிவிட்ட அந்தப் புது வாட்சைக் கண் டாக்டரின் மகன் கேட்டு வாங்கிக்கொண்டான். கல்யாணத்தன்று தாளை முழுக்க உரித்துவிட்டுத்தான் அவன் கொக்கியைப் பூட்டினானாம்.

அதெல்லாம் பிறகு. வாட்ச் கழன்ற அன்று மாஸ்டர் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தார். கை எடையே இல்லாமல் இருந்தது. கம்பியைப் பிடிக்கப் போனால் கை தேவைக்கு மேலே போய் நின்றது. மணிக்கட்டைச் சுற்றிக் கண்ணிகளின் தடம் வரிவரியாகப் பதிந்திருந்தது. காவலாளி அவரோடு வராததில் மனைவிக்குத்தான் முகம் வாடியது. ஆனாலும் எண்ணெய் எடுத்துவந்து உட்கார்ந்து, தடத்தின் மேல் தேய்த்துவிட்டாள்.

"உங்க பளிங்கு முதலாளி போன் பண்ணினார்" என்றாள்.

"என்னவாம்?"

"கை எப்படி இருக்குன்னு கேட்டார்."

"வாட்ச்தான் கழட்டியாச்சே?"

"நானும் அதைத்தான் சொன்னேன். அது தெரியும்மா, கை எப்படி இருக்கு, வலி கிலி இருக்கான்னு கேட்டார். குரலே ஒருமாதிரி இருந்துச்சு."

மாஸ்டர் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "என்னைப் பத்தி எதாவது கேட்டாரா?" என்றார்.

அவள் யோசித்துப் பார்த்தாள். "இல்லீங்க" என்றாள். "கையைப் பத்தித்தான்."