மாடியில் தட்டு, கீழே விசில்

ஓய்வுபெற்ற கண்டக்டர் வழக்கம்போலச் சாயங்காலம் நாற்காலியை இழுத்துப் போட்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்தார். டிவி ஓடாது என்று அவருக்கு நன்றாகவே தெரியும். இருந்தாலும் பொத்தானை அமுக்கினார். நீலத் திரையில் 'சிக்னல் இல்லை' என்ற எழுத்து வந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா, அந்த ரெண்டு வார்த்தையையே எத்தன தடவ படிப்பீங்க?" என்றாள் மருமகள். முன்னறையின் ஜன்னலோரம் தையல் மெஷினில் யாருடைய சட்டைக்கோ காலர் வைத்துக்கொண்டிருந்தாள். தெருவில் எல்லோரும் அவளைத் தையல்காரி என்றுதான் சொல்வார்கள்.

"பழக்க தோஷம்மா. பஸ் ஓடாத அன்னைக்கும் டிப்போவுக்குப் போய் உக்காந்துட்டு வர்ற ஆளு நான்."

அக்கம்பக்கத்து வீடுகளில் எல்லாம் தொடரின் பாட்டு கேட்டது. அந்தக் கீழத் தெருவில் டிவி ஓடாத வீடு அது ஒன்றுதான். காரணம் எல்லோருக்கும் தெரியும், ஆனால் ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை.

நடந்தது இதுதான். ஊருக்குக் கேபிள் கொடுப்பவரே, குழாய்த் தண்ணீரைக் கவனிக்கும் தெரு நலச் சங்கத்துக்கும் தலைவர். சங்கக் கூட்டத்தில் அவர் நன்றியுரை சொல்லி முடிக்கும் நேரத்தில் தையல்காரி எழுந்து, "கீழத் தெருக் குழாயில தண்ணி எப்ப வரும்?" என்று கேட்டுவிட்டாள். கேட்டது அவ்வளவுதான். மறுநாள் காலையில் அவள் வீட்டு லைன் செத்துவிட்டது. கேட்டால் "ஒயர்ல கோளாறு" என்றார்கள். இதற்கு முன் சங்கத் தேர்தலில் கை தூக்காத தச்சர் வீட்டிலும் இதே கோளாறு வந்தது. தச்சர் கேபிள் கடை வாசலில் போய்க் கைகட்டி நின்றார். சாயங்காலமே கோளாறு சரியாகிவிட்டது.

அவள் கணவன் மாட்டுத் தீவனக் கடையில் எடை போடுபவன். யார் வம்புக்கும் போகாத மனிதன். அன்று வீட்டுக்குள் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தான்.

"ஞாயித்துக்கிழம கால்பந்து ஃபைனல். அப்பா வருஷம் பூரா காத்துக்கிட்டு இருக்காரு. நீ போய் ஒரே ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடு."

"எதுக்குங்க மன்னிப்பு? தண்ணி கேட்டதுக்கா?"

"ஊர்ல அத்தன பேரு இருக்காங்க. உனக்கு மட்டும்தான் தாகமா?"

"எல்லாருக்கும் தாகம்தான். எனக்கு மட்டும்தான் வாய் இருக்குபோல."

கண்டக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரையைப் பார்த்தார். மகன் முறைத்தான். தையல்காரி மெஷினை நிறுத்திவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "ஞாயித்துக்கிழம ஆட்டம் தொடங்குறதுக்குள்ள இந்த வீட்டுல டிவி ஓடும். ஓடலைன்னா நானே போய் அந்தக் கட வாசல்ல கைகட்டி நிக்கிறேன். போதுமா?"

சொல்லிவிட்டாளே தவிர, எப்படி ஓடவைப்பது என்று அவளுக்கே தெரியாது.

மறுநாள் பட்டனும் நூலும் வாங்க டவுனுக்குப் போனவள், ரேடியோ கடையில் ஏறி விசாரித்தாள். வானத்தில் சுற்றும் சாட்டிலைட்டிலிருந்து மாதக் கட்டணம் இல்லாமல் வரும் சேனல்கள் உண்டு என்றார் கடைக்காரர். அதற்கு ஒரு தட்டும் ஒரு பெட்டியும் போதும். டவுன் கோபுரத்திலிருந்து ஒளிபரப்பாகும் பொதுச் சேனலுக்குப் பழைய மாதிரி ஒரு ஆன்டெனா போதும். ஆனால் ஃபைனல் தட்டில் பிடிக்கும் சேனலில்தான் வரும்.

"இதுக்கு அனுமதி வேணுமாமே, போலீஸ் வருமாமே? எங்க ஊர்ல அப்படித்தான் சொல்றாங்க."

"யாரு சொல்றது?"

"கேபிள்காரரு."

கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "பின்ன அவரு வேற எப்படிச் சொல்வாரு? இது எல்லாரும் பாக்கட்டும்னு பூட்டுப் போடாம விடுற சேனல்ம்மா. உன் வீட்டு மாடியில நீ பிடிச்சுக்க யாரையும் கேக்க வேணாம்." பிறகு பெட்டியை இயக்கிக் காட்டினார். "திரையில ரெண்டு கோடு தெரியும். மேல் கோடு சும்மா பந்தாவுக்கு, எப்பவும் நீளமா நிக்கும். கீழ் கோடுதான் விஷயம். அது ஏறினாத்தான் படம். தட்ட எந்தப் பக்கம் திருப்புறதுன்னு குழப்பமா இருந்தா, ஊர்ல ஏற்கெனவே ஓடுற தட்டு எதுவும் இருந்தா அதப் பாத்து வச்சுக்க."

இருந்தது. சங்கக் கட்டடத்தின் மாடியில் பெரிய தட்டு ஒன்று இருந்தது. சங்கத்து டிவிக்காகத் திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டி வைத்தது; டிவிதான் பல வருஷமாக ரிப்பேர் என்பார்கள். கவலை விட்டது என்று நினைத்து, சாமான்களைப் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

சனிக்கிழமை காலையில் வேலை தொடங்கியது. மாடியில் அவள், டிவி முன்னால் மாமனார். ஒவ்வொரு தடவையும் கத்தினால் தொண்டை போய்விடும் என்பதால் கண்டக்டர் டிரங்குப் பெட்டிக்கடியிலிருந்து தம் பழைய விசிலைத் தேடி எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு விசில் அடிச்சா நிப்பாட்டு. ரெண்டு அடிச்சா போலாம். டிரைவருங்க எல்லாம் இதுக்குத்தான் பழக்கம்."

"அப்ப நான் டிரைவரா மாமா?"

"பின்ன? ஸ்டியரிங் உன் கையில. நான் டிக்கெட் கிழிக்கிற ஆளு."

சங்கக் கட்டடத்துத் தட்டு எந்தப் பக்கம் அண்ணாந்து பார்த்ததோ, அதே பக்கம், அதே சாய்வில் அவளும் வைத்தாள். கீழேயிருந்து இரண்டு விசில். திருப்பினாள். மறுபடி இரண்டு விசில். வெயில் ஏறியது, கைகளில் நெட்டு போல்ட்டின் கறை ஏறியது, கீழ் கோடு மட்டும் ஏறவில்லை. ஒருமுறை ஒற்றை விசில் கேட்டு ஓடிவந்து பார்த்தால், மாமனார் மேல் கோட்டைக் காட்டி, "எவ்வளவு நீளம் பாத்தியா!" என்றார்.

தெருவே வேடிக்கை பார்த்தது. பிற்பகலில் கேபிள்காரரின் மோட்டார் சைக்கிள் வாசலில் வந்து நின்றது.

"என்னம்மா, மாடியில தட்டு கழுவிக் காயப் போட்டிருக்கியா?"

"ஆமாண்ணே. கழுவத் தண்ணிதான் இல்ல," என்றாள் மேலேயிருந்து.

பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கேபிள்காரரின் முகம் சுண்டிவிட்டது. "அனுமதி இல்லாம மாட்டுறது. இடி விழுந்தா தெரு மொத்தமும் போகும். அப்புறம் எங்கிட்ட வந்து அழக்கூடாது," என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுக் கிளம்பினார். இதையெல்லாம் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த கணவன், ஏணிப் பக்கம்கூட வரவில்லை.

பொழுது சாயும்போது அவள் இறங்கி வந்தாள். கணவன் திட்டவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "நாளைக்குக் காலைல போய்ட்டு வந்துடலாம்," என்றான். "நானும் கூட வர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள். கணவனும் பின்னால் வந்தான். கேபிள் கடைக்குத் திரும்ப வேண்டிய முனையில் அவள் நேராக நடந்தாள்.

"எங்க போற?"

"சங்கத்துக்கு. அந்தத் தட்ட ஒரு தடவ கிட்டப் போய் அளந்து பாத்துட்டு அப்புறம் கைகட்டுறேன். எங்க தப்பு பண்ணேன்னு தெரியாம எப்படி நிக்கிறது?"

கட்டடத்தின் வெளிப்புறப் படி வழியாக இருவரும் மாடிக்குப் போனார்கள். இடுப்பில் இருந்த அளவு டேப்பை எடுத்துத் தட்டின் விளிம்பில் வைத்தாள். தட்டு கிறீச்சென்று சுழன்று வேறு பக்கம் பார்த்தது. முடுக்கப்படாத நெட்டு! காற்று எந்தப் பக்கம் தள்ளியதோ அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு இருந்திருக்கிறது. நடுவில் ஒரு குருவிக் கூடு. பின்னால் ஒயரையே காணோம். அறுந்து போகவில்லை, மாட்டவே இல்லை. மாட்டுகிற இடத்தில் கம்பெனி போட்ட பிளாஸ்டிக் மூடி அப்படியே இருந்தது.

கணவன் அந்த மூடியைத் தொட்டுப் பார்த்தான். "சங்கத்து டிவி ரிப்பேர், ரிப்பேர்னு இத்தன வருஷமா..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். திறப்பு விழாவன்று முன்வரிசையில் நின்றது ஞாபகம் வந்தது. "நான் இதுக்குக் கைதட்டுனேன்," என்றான் மெல்ல.

"ஊரே தட்டுச்சு. ஒருத்தராவது படம் எங்கன்னு கேட்டோமா?"

அவளுக்குக் கோபத்தைவிடச் சிரிப்புத்தான் அதிகம் வந்தது. ஒரு நாள் முழுக்கக் குருவிக் கூட்டைப் பார்த்துக் காப்பியடித்திருக்கிறாளே! அங்கேயே நின்று ரேடியோ கடைக்காரருக்குப் போன் போட்டாள். அவரும் சிரித்துவிட்டு, தட்டு எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்று விவரமாகச் சொன்னார். போனிலேயே திசை காட்டும் வசதி இருக்கிறது. இரும்புக்குப் பக்கத்தில் வைத்தால் பொய் சொல்லும், தள்ளி நின்று பார்க்க வேண்டும். இந்த ரகத் தட்டு வானத்தை அண்ணாந்து பார்க்காது. குனிந்த மாதிரித்தான் நிற்கும், ஆனால் அதன் பார்வை மேலேதான்.

"சரி, திரும்பிப் போலாம்," என்றான் கணவன். "எந்தக் கடைக்கும் வேணாம். வீட்டுக்கு."

இந்தத் தடவை ஏணியில் முதலில் ஏறியது அவன்தான். தெருவே பார்த்தது. பார்க்கட்டும் என்று ஏறினான். தையல்காரி தட்டிலிருந்து தள்ளி நின்று திசை பார்த்து, துணி வெட்டக் குறி போடும் சாக்குக் கட்டியால் தளத்தில் நீளமாக ஒரு கோடு கிழித்தாள். அந்தக் கோட்டின் மேல் தட்டை நிறுத்தி, தலையைக் குனியவைத்து, இழை இழையாகத் திருப்பினாள். கணவன் இரும்புக் குழாயில் ஆன்டெனாவைக் கட்டி டவுன் பக்கம் திருப்பினான்.

கீழே இரண்டு விசில். இன்னும் கொஞ்சம். மறுபடி இரண்டு. இன்னும் ஒரு நூல். திடீரென்று காது கிழிகிற மாதிரி இரண்டு விசில், அதுவும் நீளமாக! அவள் இன்னொரு நூல் திருப்பினாள். உடனே கீழேயிருந்து ஒரு அலறல்.

"ஐயோ போச்சு! வந்து போச்சு!"

"மாமா, ரெண்டு அடிச்சீங்களே?"

"சந்தோஷத்துல ரெண்டா வந்துருச்சும்மா! ஒண்ணுதான்! ரிவர்ஸ் வா, ரிவர்ஸ் வா!"

பின்னோக்கித் திருப்பினாள். ஒற்றை விசில். கணவன் ஸ்பேனரை வாங்கி நெட்டைக் கடைசிச் சுற்று வரை முடுக்கினான். கீழே யாரோ சமையல் சொல்லிக்கொடுக்கும் குரல் கேட்டது, பிறகு செய்தி, பிறகு பாட்டு. ஆன்டெனாவில் பொதுச் சேனலும் ஒரு புள்ளியில்லாமல் பளிச்சென்று விழுந்தது.

ஆட்டம் தொடங்கும் முன் டிவியை வாசல் பக்கம் இழுத்துப் போட்டார்கள். முதலில் வந்தது பால்காரக்கா, கேன்களைச் சுவரோரம் வைத்துவிட்டு. அப்புறம் தச்சர் தயங்கித் தயங்கி வந்தார். அப்புறம் தெருவில் பாதி. அவரவர் வீட்டிலும் டிவி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் இந்தப் படத்தைப் பார்க்கத்தான் வந்தார்கள்.

முதல் கோல் விழுந்த ஆரவாரத்தில் மோட்டார் சைக்கிள் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. கேபிள்காரர் நேராக வந்து டிவிக்கு முன்னால் நின்றார்.

"இங்க உக்காந்திருக்கிற வீடு ஒண்ணொண்ணும் எனக்குத் தெரியும். நாளைக்கு லைன் இருக்காது. சொல்லிட்டேன்."

தச்சர் பாதி எழுந்தார். பால்காரக்கா மட்டும் கழுத்தை வளைத்து எட்டிப் பார்த்தாள்.

"கொஞ்சம் நகருப்பா. பந்து தெரியல."

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஒவ்வொருவராகத் தொற்றிக்கொண்டது. தச்சர் மறுபடி உட்கார்ந்தார். "வெட்டிக்கோங்க தலைவரே. நானும் ஒரு தட்டு வாங்கிக்கிறேன். எப்படி மாட்டுறதுன்னு இந்தம்மா சொல்லிக் குடுக்கும்."

அப்போது எடை போடுபவன் எழுந்து நின்றான். தெரு முழுக்கக் கேட்கிற குரலில் கேட்டான்.

"வந்ததுதான் வந்தீங்க, ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. கீழத் தெருவுக்குத் தண்ணி எப்ப வரும்?"

தையல்காரி திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அதற்குள் பின்வரிசையிலிருந்து இன்னொரு குரல், "ஆமா, எப்ப வரும்?" என்றது. "சங்கத்துத் தட்டுக்கு ஒயர் எங்கங்க?" என்றது வேறொன்று. கேள்விகள் நாலா பக்கமும் கிளம்பின. கேபிள்காரர் "பாக்கலாம்... பேசலாம்..." என்று முனகிக்கொண்டு வண்டிப் பக்கம் நகர்ந்தார்.

கண்டக்டர் விசிலை எடுத்து அளவாக, அழகாக இரண்டு முறை ஊதினார். "ரைட்! போலாம்!"

மோட்டார் சைக்கிள் கிளம்பியது. தெருவே கைதட்டியது. இந்த முறை காரணம் தெரிந்து தட்டினார்கள்.

மறுநாள் யார் வீட்டு லைனும் அறுபடவில்லை. அத்தனை வீட்டையும் வெட்டினால் தன் கடையைத்தான் பூட்ட வேண்டும் என்று கேபிள்காரருக்குக் கணக்குத் தெரியும். அந்த வாரமே கீழத் தெருக் குழாய் இருமிச் செருமி, சேற்றைத் துப்பிவிட்டுத் தண்ணீர் விட்டது. முதல் குடத்தைத் தூக்கிவந்து வாசலில் இறக்கிய கணவன், மெஷினில் உட்கார்ந்திருந்த மனைவியிடம் சொன்னான்:

"கேள்வி கேட்டவ நீ. உன்னைத்தான் நான் மன்னிப்புக் கேக்கச் சொன்னேன். உரிமையக் கேக்குறது தப்பே இல்ல. பயந்துபோய் வாய மூடிக்கிட்டு, கேக்குறவங்களையும் அடக்குறோம் பாரு, அதுதான் தப்பு. ஒருத்தன் நம்மள மிரட்டுறதுக்கு நாமதான் ஒயர் இழுத்துக் குடுக்குறோம்."

"அது சரி," என்றாள் தையல்காரி, ஊசியில் நூலைக் கோர்த்தபடி. "அடுத்த கூட்டத்துல தெரு விளக்கப் பத்தி யாரு கேக்குறது, நீங்களா நானா?"

உள்ளேயிருந்து இரண்டு விசில் கேட்டது.