பழனிக்கு நடந்த ஓவர்லாக் மெஷின்

2006ஆம் வருடம் தைப்பூசத்துக்கு மூன்று நாள் முன்பு, ரத்தினசாமியின் பனியன் கம்பெனியிலிருந்து மயிலாளின் ஓவர்லாக் தையல் மெஷின் எழுந்து பழனிக்கு நடந்து போனது. அன்றைக்குப் பார்த்து நூல் விலை ஏறியிருந்ததால் திருப்பூரில் பாதிப் பேர் இதைக் கவனிக்கவே இல்லை.

மயிலாள் சேவூர்க்காரி. அவள் மகள் அபிராமிக்கு நாலு வயதாகியும் நடை வரவில்லை. பிள்ளை நடந்தால் நானும் உன் மலைக்கு நடந்தே வருகிறேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டாள். அடுத்த மாதமே பிள்ளை சுவரைப் பிடிக்காமல் நடந்தது. மயிலாள்தான் நடக்கவில்லை. தைப்பூசம் வரும்போதெல்லாம் ஜெர்மனி ஷிப்மெண்டும் வந்து நிற்கும், லீவு கிடைக்காது. முருகன் பொறுத்துக்கொள்வார் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள். ஒரு மாம்பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு மலையேறியவர் எவ்வளவு பொறுப்பார் என்று மயிலாளுக்குத் தெரியாதா? இப்போது இரண்டாம் வகுப்புக்குப் போகும் அபிராமி அடிக்கடி கால் இடறி விழுந்தாள். கொடுத்த நடையைச் சாமி திரும்ப வாங்கிக்கொள்கிறாரோ என்று தாய் பயந்தாள்.

ரத்தினசாமி கெட்டவர் அல்ல. முருகன் படத்துக்குப் பூ வைக்காமல் காபி குடிக்க மாட்டார். ஆனால் கம்பெனிக்குள் அவர் வைத்ததுதான் சட்டம். மணி அடிக்கும்வரை யாரும் மெஷினை விட்டு நகரக் கூடாது என்பது அதில் முதலாவது. அன்று காலையும் மயிலாள் போய்க் கேட்டாள்.

"ஏனுங்கண்ணா, மூணே நாளுங்க. பழனிக்கு நடந்து போயிட்டு ஓடியாந்தர்றனுங்க."

"ஷிப்மெண்ட் போவட்டும் கண்ணு. மெஷினை உட்டு நகராத. முருகன் எங்க போயிறப் போறாரு?"

அவள் தன் இடத்துக்கு வந்து, சொல்ல வேறு ஆளில்லாமல் மெஷினிடம் சொல்லி அழுதாள். மெஷின் நாலு இரும்புக் கால்களையும் உதறிக்கொண்டது. பிளக்கைத் தானே பிடுங்கிக்கொண்டு, கேட்டைத் தாண்டி, தாராபுரம் ரோட்டில் திரும்பியது. மெஷினை விட்டு நகரக் கூடாதல்லவா? மயிலாள் பின்னாலேயே ஓடினாள். போகிற வழியில் பள்ளிக்கூடத்திலிருந்து அபிராமியைக் கூட்டி வந்து மெஷின் மேல் உட்கார வைத்தாள்.

ரத்தினசாமி மொபெட்டில் துரத்தி வந்தார். அதட்டினார், இழுத்தார், கடைசியில் கெஞ்சினார். மெஷின் நிற்கவில்லை.

"சரி, தைக்கவாச்சும் தைக்குமா?" என்றார்.

"தைக்குமுங்க."

வெட்டிய துணியைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து போட்டார். மயிலாள் நடந்துகொண்டே துணியைத் தள்ளினாள். கரண்ட் இல்லாமல் ஊசி ஓடியது. பச்சை வேட்டி கட்டிய பாதயாத்திரைக்காரர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். குண்டடத்தில் மனிதர்களுக்கு மோரும் மெஷினுக்கு எண்ணெயும் கொடுத்தார்கள். தாராபுரம் தாண்டியதும் ரத்தினசாமி மொபெட்டை ஒரு டீக்கடையில் விட்டார், செருப்பையும் கழற்றிப் போட்டார். கம்பெனி ஆரம்பித்தபோது நேர்ந்துகொண்டது அவருக்கும் பாக்கி இருந்ததாம். அதைப் பிறகுதான் சொன்னார்.

மலையடிவாரத்தில் மெஷினை விஞ்ச் ரயிலில் ஏற்ற முடியாது என்றார்கள். மெஷினும் அதைக் கேட்கவில்லை, படிப்பக்கம் போனது. அபிராமி அதன் மேலிருந்து குதித்து, ஒரு படிகூட இடறாமல் மேலே ஓடினாள். மயிலாள் நடுப்படியில் உட்கார்ந்து அழுதாள், சிரித்தாள், எழுந்து ஏறினாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு அதற்குமுன் வந்ததில்லை.

ஷிப்மெண்ட் சொன்ன தேதிக்குப் போய்ச் சேர்ந்தது. பஞ்சாமிர்த வாசம் என்று தெரியாமல், துணியெல்லாம் இனிப்பாக மணக்கிறது, அதே போல இன்னும் வேண்டும் என்று ஜெர்மனிக்காரர்கள் கேட்டார்கள். அடுத்த தைப்பூசத்துக்கு மெஷின்களுக்கு லீவு என்றும், துணைக்குப் போகிறவர்களுக்கும் உண்டு என்றும் ரத்தினசாமி வாசலில் போர்டு மாட்டினார். எல்லா மெஷின்களும் வரிசையாகக் கிளம்பின. வயதான கட்டிங் மேசை மட்டும் பஸ்ஸில் போனது. அபிராமி எல்லாவற்றுக்கும் முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள்.

"மெல்லப் போ கண்ணு, மெஷினுக்கு மூச்சு வாங்குதில்ல!" என்று பின்னாலிருந்து கத்திக்கொண்டே வந்தாள் மயிலாள்.