கோட்டைச்சாமியின் மோட்டார் இன்னும் கிளம்பவில்லை

1

இந்தக் கதை கேட்டு வாங்கப்பட்டது. எங்கள் கம்பெனியின் ஆண்டு மலருக்கு, "அந்தக் காலத்து நேர்மையான முதலாளி ஒருத்தரப் பத்தி ரெண்டு பக்கம் எழுதும்மா" என்றார் மேனேஜர். "தொழிலே சேவைன்னு முடியணும்." முடிவு அவரிடம் தயாராக இருந்தது. கதைதான் இல்லை. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் இந்த மாதிரி வேலைகள் தானாகவே வந்து தலையில் விழும்.

பிற்பகலில் மேசையிலேயே கண்ணயர்ந்தேன். ஒரு மோட்டார் வந்து நின்றது.

2

'காரைக்குடியில் கோட்டைச்சாமி என்றொரு வள்ளல்...' (அடித்துவிட்டேன். கை கூசுகிறது.)

மறுபடி. 1931. கோட்டைச்சாமி சிவகங்கைக்கு மோட்டார் பஸ் விட்ட முதல் வருஷம். மார்கழி விடியல். செம்மண் புழுதியும் பனியும் கலந்து முழங்கால் உயரத்துக்கு மிதக்கின்றன. சக்கரங்கள் தெரியவில்லை. தண்ணீரில் கட்டிப்போட்ட தோணி போல மஞ்சள் மோட்டார் லேசாக ஆடுகிறது. பக்கவாட்டில் கொட்டை எழுத்து: 'பொதுஜன சேவை'.

கோட்டைச்சாமி நல்லவர். வண்டி வழியில் படுத்துவிட்டால் தன் செலவில் மாட்டுவண்டி பிடித்து அனுப்புவார். (இந்தக் குணத்தை நான்தான் கொடுத்தேன். அவ்வளவு சுலபமாகக் கொடுக்க முடிந்ததுதான் உறுத்துகிறது.)

3

அம்மாக்கண்ணு வருகிறாள். சேரிப் பெண். அவளுடைய துண்டு நிலத்தின் வேலியைப் பக்கத்துக்காரர் நகர்த்திவிட்டார். இன்று சிவகங்கைக் கோர்ட்டில் பெயரைக் கூப்பிடும்போது அவள் நிற்காவிட்டால் நிலம் போயிற்று. நேற்றே சீட்டு வாங்கிவிட்டாள். கிழித்துக் கொடுத்தவர் யாருக்கென்று தலை நிமிர்ந்து பார்க்கவில்லை.

படியில் கால் வைத்ததும் உள்ளிருந்து ஒரு குரல்: "இவ ஏறுனா நாங்க இறங்கிக்கிறோம், கோட்டைச்சாமி. ஊருல மாட்டுவண்டியெல்லாம் செத்தா போச்சு?"

சிரிப்பு.

கோட்டைச்சாமி குரலைத் தணித்தார். "சங்கடப்படுத்தாத, புள்ள. காசத் திருப்பி வாங்கிக்க."

"காச நீங்க தந்துருவீக, ஐயா. கோர்ட்டுல என்னயக் கூப்புடுற நேரத்த யாரு தருவா?"

(அந்தக் காலத்தில் 'ஐயா' இல்லை, 'சாமி' என்றுதான் சொல்லியிருப்பாள். நான் எழுத மாட்டேன்.)

"அப்ப மேல ஏறி, மூட்டையோட ஒக்காந்துக்க."

"மூட்டைக்கா சீட்டுக் கிழிச்சீக? எனக்குல்ல கிழிச்சீக."

4

ஒரு முடிவு: கோட்டைச்சாமி தன் இடத்தை அவளுக்குக் கொடுக்கிறார். பயணிகள் வெட்கித் தலைகுனிகிறார்கள். (மேனேஜருக்குப் பிடிக்கும். ஆனால் அதற்குப் பிறகு அம்மாக்கண்ணு வாயே திறப்பதில்லை.)

இன்னொன்று: மோட்டார் போய்விடுகிறது. அவள் நடக்கிறாள். காளையார்கோவில் கோபுரம் கண்ணில் படும்போது வெயில் உச்சிக்கு வந்து... (இப்படித்தான் நடந்திருக்கும். இதைச் சொல்ல நான் எதற்கு?)

இல்லை, எல்லோரும் இறங்கிவிடுகிறார்கள். காலி மோட்டார் அவள் ஒருத்திக்காகப் பனிக்குள் மிதந்து போகிறது. மறுநாள் சவாரி இல்லை. மறுமாதம் வண்டி அவர் கையில்... (மலரில் போட மாட்டார்கள். ஆனால் நட்டப்படாத நேர்மையை நான் எங்கும் பார்த்ததில்லை.)

5

மூன்றையும் எழுதிப் பார்த்துவிட்டேன். கோட்டைச்சாமி அசையவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி நிற்கிறார். அவர் பார்ப்பது என்னை அல்ல, அம்மாக்கண்ணுவையும் அல்ல. மோட்டாருக்குள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் உங்களை. முதலாளி நல்லவரா கெட்டவரா என்று இவ்வளவு நேரம் வசதியாக வேடிக்கை பார்த்தீர்களே, உங்களை.

அவள் ஏறினால் எத்தனை பேர் இறங்குவார்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டும். அவருடைய நேர்மை முழுக்க இப்போது அந்த எண்ணிக்கையில் தொங்குகிறது.

அம்மாக்கண்ணுவின் ஒரு கால் படியில். மற்றது தரையில், பனிக்குள்.

இறங்குகிறீர்களா, அவளுக்கு இடம் விட்டுத் தள்ளி உட்காருகிறீர்களா? வாயைத் திறந்து சொல்லுங்கள். கோர்ட்டில் கூப்பிட்டுவிடப் போகிறார்கள்.