கனகதாஸ் நிறுத்திப் பார்த்த மாத்திரை

கேரள எல்லையோரக் குன்னத்துகாலில் ரப்பர் வெட்டும் கனகதாஸுக்கு எதையும் சோதித்துப் பார்த்தால்தான் திருப்தி. ரப்பர் பால் கூடுதலாக வடிய ஒரு மருந்து வந்தால், ஒரு வரிசை மரத்துக்குப் பூசுவார்; பக்கத்து வரிசையைச் சும்மா விடுவார். வித்தியாசம் வாளியில் தெரிந்துவிடும்.

அவருக்கு எச்.ஐ.வி. உண்டு. ஊரார் பார்த்துவிடாமலிருக்க பனச்சமூட்டில் பஸ் ஏறி, தமிழ்நாட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரியில்தான் மாத்திரை வாங்குவார். பல வருஷமாக ரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்கு அடங்கியிருந்தது. அதனால் மனைவி புஷ்பபாய்க்கும் தொற்றவில்லை.

அப்போதுதான் போனில் ஒரு வீடியோ வந்தது. ஏதோ வேர்ப்பொடி, கிருமியையே அழித்துவிடுமாம். வரவழைத்தார். மாத்திரையையும் சேர்த்துத் தின்றால் எது வேலை செய்கிறது என்று எப்படித் தெரியும்? மாத்திரையை நிறுத்தினார். வீட்டில் சொல்லவில்லை.

உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. நன்றாகப் பசித்தது. பொடி ஜெயித்துவிட்டது என்றே நினைத்தார். உறுதிப்படுத்தத்தான் ரத்தம் கொடுத்தார். ரிசல்ட் வாங்கப் போன அன்று புஷ்பபாயும் கூட வந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் ஷைலஜா முகத்தைச் சுருக்கினாள். "அண்ணே, கிருமி ஏறிக் கெடக்கு. மாத்திரை தின்னியளா இல்லியா?"

"இல்ல சிஸ்டரே. ஒரு பொடி பரீட்சிச்சுப் பாத்தேன். ஆனா எனக்கு ஒடம்புக்கு ஒரு கொழப்பமும் இல்லையே! நல்ல பெலன் உண்டு."

"கிருமி ஏறுனா ஒடம்புல ஒடனே காட்டாது."

"பொடி கொஞ்சமாவது தடுத்திருக்குமோ?"

"இந்த ரிசல்ட்டப் பாத்தா அப்பிடியா இருக்கு?"

புஷ்பபாய் மெதுவாகக் கேட்டாள்: "பின்னே, இத்தன நாளும் நானும் உங்க பரீட்சையிலதான் இருந்தேனாக்கும்?"

கனகதாஸ் அதை யோசிக்கவே இல்லை.

"ரப்பர் மரத்துட்ட கேக்கண்டாம், சரி. எங்கிட்ட கேக்கண்டாமா?"

அவளுக்கும் ரத்தம் எடுத்தார்கள். தொற்று இல்லை என்று வந்தது. "இத மட்டும் நம்பி இருக்கப்பிடாது அக்கா. சில வாரம் கழிச்சு திரும்பவும் பாக்கணும். அதுவரைக்கும் ரெண்டுபேரும் ஒறை இல்லாம சேராம, சூக்சிச்சு, கவனமா இருக்கணும்," என்றாள் ஷைலஜா.

"பழைய மாத்திரை எனக்கு இனி கேக்குமா சிஸ்டரே?"

"கேக்கலாம். நிறுத்துனதுல கிருமி மருந்துக்குப் பழகியிருந்தா கேக்காமலும் போவலாம். இப்ப தொடங்குங்க, கொஞ்ச நாள் கழிச்சு டாக்டர் ரத்தம் பாத்துச் சொல்லுவாரு."

பஸ்ஸில் புஷ்பபாய் அவர் பக்கத்தில் உட்காரவில்லை. மாத்திரைப் பை அவள் மடியில் இருந்தது. பனச்சமூட்டில் இறங்கியதும், "இனிமே எனக்க கண்ணு முன்ன தின்னணும்," என்றாள்.

"உனக்க அடுத்த டெஸ்டுக்கு நானும் வாறேன்."

"நீங்க வராம பின்னே யாரு வருவா?" என்று சொல்லிவிட்டு அவள் முன்னே நடந்தாள்.